பக்கெட் லிஸ்ட்: ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதற்கு ஒரு தேதி போடுவது எப்படி?

போனில் நோட்ஸ் செயலியைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனால், வைஃபை பாஸ்வேர்டுக்கும் பழைய மளிகைப் பட்டியலுக்கும் நடுவில் பலருக்கு ஒரு குறிப்பு இருக்கும். தலைப்பு: ‘பக்கெட் லிஸ்ட்’. லடாக் வரை பைக், ஒருமுறையாவது வடதுருவ ஒளி, கிட்டார், நீச்சல், அரை மாரத்தான், சொந்தமாக ஒரு புத்தகம்... ஏதோ ஒரு டிசம்பர் 31 ராத்திரி உற்சாகத்தில் எழுதியது. கடைசியாக எப்போது திருத்தினோம் என்று பார்த்தால் மூன்று வருஷம் ஓடியிருக்கும். டிக் அடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் ‘ஆபீஸ் நண்பர்களோடு கோவா’வாக இருக்கும்.

பட்டியல் எழுதுவது ஐந்து நிமிட வேலை. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. ஏன் அப்படி ஆகிறது, என்ன செய்தால் நகரும்?

பெயர் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் ‘வாளியை உதைப்பது’ என்றால் இறந்துபோவது. நம்மூரில் ‘மண்டையைப் போடுவது’ என்று சொல்கிறோமே, அதுபோல கொஞ்சம் மரியாதை குறைந்த பேச்சுவழக்கு. 1785-ல் வெளியான ஓர் ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியிலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஆனால் ‘பக்கெட் லிஸ்ட்’ என்ற சொல்லுக்கு வயது அவ்வளவு இல்லை. ஜஸ்டின் ஸாக்கம் என்ற அமெரிக்கத் திரைக்கதையாசிரியர் 1999-ல், வாளியை உதைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று தனக்கு ஒரு பட்டியல் எழுதினார். தலைப்பு நீளமாக இருந்ததால் ‘பக்கெட் லிஸ்ட்’ என்று சுருக்கினார். ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவில் தன் கதை படமாக வேண்டும் என்பது அதில் ஓர் ஆசை.

பல வருஷம் கழித்து அந்தப் பட்டியலையே கதையாக்கினார். ஜாக் நிக்கல்சனும் மார்கன் ஃப்ரீமனும் புற்றுநோய் வந்த இரண்டு முதியவர்களாக நடிக்க, ராப் ரைனர் இயக்கத்தில் 2007-ல் ‘தி பக்கெட் லிஸ்ட்’ வந்தது. பட்டியலில் இருந்த ஆசை, பட்டியலைப் பற்றிய படத்தாலேயே நிறைவேறியது! இன்று டிராவல் விளம்பரம் முதல் இன்ஸ்டா ரீல்ஸ் வரை புழங்கும் சொல் அங்கிருந்து வந்ததுதான்.

சொல் புதிது, பழக்கம் பழசு. ‘காசிக்குப் போய்ட்டு வந்துடணும்’ என்று சொன்ன நம் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து மணல் எடுத்துப்போய் கங்கையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்வது அவர்களின் வாழ்நாள் திட்டம். வைணவர்களுக்கு 108 திவ்ய தேசங்கள். அதில் ஒரு வேடிக்கை: 106 மட்டுமே பூமியில் இருக்கின்றன. திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போகக்கூடிய இடங்கள் இல்லை. அதாவது, உயிரோடு இருக்கும்போது முழுசாக டிக் அடிக்கவே முடியாத பட்டியல்.

127 ஆசைகள் எழுதிய பையன்

இந்த விஷயத்தில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் ஜான் கோடார்ட். 1940-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 15 வயதுப் பையனாக இருந்தபோது, வீட்டுப் பெரியவர்கள் ‘சின்ன வயசுல இதையெல்லாம் செஞ்சிருக்கலாம்’ என்று அங்கலாய்ப்பதைக் கேட்டான். உட்கார்ந்து 127 ஆசைகளை எழுதினான். முதல் ஆசை நைல் நதியைச் சுற்றிப் பார்ப்பது. பத்து வருஷம் கழித்து, 1950-51-ல், இரண்டு பிரெஞ்சு நண்பர்களோடு சிறு கயாக் படகுகளில் அந்த நதியின் முழு நீளத்தையும் கடந்தார். 2013-ல் 88 வயதில் இறப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசைகளை முடித்திருந்தார். எவரெஸ்ட் ஏற முடியவில்லை. நிலாவுக்கும் போகவில்லை. ஆம், நிலாவும் அந்தப் பட்டியலில் இருந்தது.

பலரும் கவனிக்காத ஒன்று: அந்த 127-ல் நிமிஷத்துக்கு 50 வார்த்தை டைப் அடிப்பதும் ஒன்று. பியானோவில் குறிப்பிட்ட ஓர் இசையை வாசிக்கக் கற்பதும், கல்யாணம் செய்து குழந்தை பெறுவதும்கூட உண்டு. நைல் நதியும் டைப்ரைட்டரும் ஒரே தாளில். பெரிய ஆசைகள் மட்டுமே உள்ள பட்டியல் மூன்றே மாதத்தில் சலித்துவிடும். சனிக்கிழமை மதியம் முடிக்கக்கூடிய நாலு விஷயமாவது வேண்டும்.

பக்கத்தில் இருப்பதுதான் அதிகம் தள்ளிப்போகிறது

சென்னையில் பத்து வருஷமாக வேலை பார்ப்பவரிடம், ‘மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு உள்ளே போயிருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். தினமும் பைக்கில் அந்தக் கட்டிடத்தைத் தாண்டிப் போகிறவராக இருக்கலாம். ‘போகணும்’ என்பதுதான் பதிலாக வரும். ஊரிலிருந்து மூன்று நாள் லீவில் வந்த சித்தி பையன் எழும்பூர் மியூசியம், சாந்தோம், மாமல்லபுரம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

இது சோம்பேறித்தனம் இல்லையாம். சூசன் ஷூ, அயலெட் நீஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தோண்டியது. சிகாகோ, லண்டன் போன்ற நகரங்களில் பல வருஷம் வசித்தவர்களைவிட, சில வாரம் தங்கிப்போனவர்கள் அந்த ஊர்களின் முக்கிய இடங்களை அதிகம் பார்த்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் எப்போது பார்க்கிறார்கள்? ஊரைக் காலிசெய்து கிளம்பும்போது.

அதே ஆய்வில் இன்னொரு சோதனை. ஒரு கேக் கடைக்கான பரிசுக் கூப்பனைச் சிலருக்கு மூன்று வாரக் கெடுவோடும் சிலருக்கு இரண்டு மாதக் கெடுவோடும் கொடுத்தார்கள். இரண்டு மாதக்காரர்கள்தான் ‘கண்டிப்பா யூஸ் பண்ணிடுவேன்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். ஆனால் பயன்படுத்தியவர்கள் மூன்று வாரக் கூட்டத்தில் 31 சதவீதம். இரண்டு மாதக் கூட்டத்தில் 6 சதவீதம். கஷ்டமான வேலையை மட்டும்தான் மனுஷன் தள்ளிப்போடுவான் என்று நினைக்கிறோம். இனிப்பு சாப்பிடுவதைக்கூடத் தள்ளிப்போடுகிறான், நேரம் நிறைய இருக்கிறது என்று தோன்றினால்.

பக்கெட் லிஸ்டின் அடிப்படைக் கோளாறும் இங்கேதான். ‘சாவதற்கு முன்’ என்பதைவிட நீளமான கெடு கிடையாது. 27 வயதில் ஒருவருக்கு அது கெடுவாகவே தெரியாது.

தேதி உள்ள ஆசைகளை முதலில் எழுதுங்கள்

எனவே பட்டியலை எழுதும்போது, ‘எனக்கு என்னவெல்லாம் ஆசை’ என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே ‘இதற்குக் கதவு எப்போது மூடும்’ என்ற கேள்வியையும் வைத்துக்கொள்ளலாம். சில ஆசைகளுக்கு இயற்கையே தேதி குறித்திருக்கிறது. மூணாறிலும் நீலகிரியிலும் மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். 2018-ல் பூத்தது, அந்த வருஷம் கேரள வெள்ளத்தால் பலர் மூணாறுக்குப் போக முடியாமல் போனது. அடுத்தது 2030. அதையும் விட்டால் 2042. இப்போது 28 வயது என்றால், 2042-ல் என்ன வயது, கூடவே வர ஆசைப்படும் அம்மாவுக்கு என்ன வயது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு சூரிய கிரகணம் பார்க்க வேண்டுமா? 2034 மார்ச் 20 அன்று அதன் பாதை லடாக் வழியாகப் போகிறது. பைக் பயணத்தையும் அதோடு சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போடும் முன் ஒரு விஷயம்: மார்ச் மாத லடாக்கில் பனி உருகியிருக்காது, மலைப்பாதைகள் பெரும்பாலும் திறந்திருக்காது.

வடதுருவ ஒளிக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியனின் சுறுசுறுப்பு சுமார் 11 வருஷச் சுழற்சியில் ஏறி இறங்கும். உச்சக்கட்டத்தை அடைந்துவிட்டதாக விஞ்ஞானிகள் 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அந்த வருஷம் மே மாதம் வந்த சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லே வானத்திலேயே சிவப்பு ஒளி தெரிந்தது. நார்வே, ஐஸ்லாந்து பக்கம் எந்தச் சுழற்சியிலும் பார்க்கலாம்தான். ஆனாலும் உச்சத்தை ஒட்டிய வருஷங்களில் போனால் வாய்ப்பு கூடுதல்.

சில கதவுகளை விதிமுறைகள் மூடுகின்றன. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு வயது 18 முதல் 70 வரை. மருத்துவப் பரிசோதனையும் கடுமை. 2020-லிருந்து நின்றுபோயிருந்த யாத்திரை 2025-ல்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் போன ஐந்து வருஷத்தில், ‘ரிட்டயர் ஆனதும் போகலாம்’ என்று காத்திருந்து 70-ஐத் தாண்டியவர்களை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இன்னும் சிலவற்றை உடம்பு மூடும். திவ்ய தேச யாத்திரை போகிறவர்கள் பெரும்பாலும் காஞ்சிபுரம், கும்பகோணம், ஸ்ரீரங்கம் என்று சுலபமானதில் தொடங்குவார்கள். பத்ரிநாத்தும், நேபாளத்தில் 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள முக்திநாத்தும், மலையேற வேண்டிய அஹோபிலமும் கடைசிக்குப் போய்விடும். அங்கே போகும் நேரத்தில் முட்டி ஒத்துழைக்காது. உண்மையில் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். காஞ்சிபுரத்துக்கு 75 வயதிலும் காரில் போகலாம்.

வரியை எப்படி எழுதுவது?

‘உலகம் சுற்றணும்’, ‘ஃபிட் ஆகணும்’ போன்றவை பட்டியலில் இருந்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. முடிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத எதையும் டிக் அடிக்க முடியாது. ‘ஊட்டி டாய் ட்ரெயின்’ என்று எழுதுவதைவிட, ‘மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை, 46 கிலோமீட்டர் முழுசாக, அப்பா அம்மாவோடு, பிப்ரவரியில்’ என்று எழுதினால் மூளைக்கு வேலை கிடைக்கிறது. ரயில் டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், டிசம்பரில் ஒரு அலாரம் வைக்க வேண்டும் என்பது உடனே புரியும். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து அந்த ரயில் அடிக்கடி ரத்தாகும் என்பதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து சொல்லிவருவதும் இதுதான். ‘இதைச் செய்வேன்’ என்று மட்டும் நினைப்பவர்களைவிட, ‘இந்த நேரத்தில், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முடிவுசெய்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். நீச்சல் கற்க வேண்டும் என்றால் அடுத்த அடி நீச்சல் இல்லை. ‘சனிக்கிழமை காலை மாநகராட்சி நீச்சல்குளத்தில் ஃபீஸ் விசாரிப்பது’ என்பதே அடுத்த அடி. வெளிநாடு என்றால் பாஸ்போர்ட். இருந்தால், அது எப்போது காலாவதியாகிறது என்று பார்ப்பது. பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். ட்ரெக்கிங் என்றால், தமிழ்நாடு வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்திருக்கிறது. காட்டுத்தீ சீசனில் மூடிவிடுவார்கள் என்பதால் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தச் செயலியில் எழுதுவது என்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். நோஷனில் கலர் கலராக டெம்ப்ளேட் செய்வதிலேயே இரண்டு வார இறுதிகள் போய்விடும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பும் மெசேஜ் போதும்.

காசு?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கும் பக்கெட் லிஸ்ட் கட்டுரைகள்தான் அதிகம். 1,20,000 ரூபாய் ஆகும் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. போட்டால் 24 மாதத்தில் அசலே சேர்ந்துவிடும். வட்டி மேலே கிடைப்பது. அதே பயணத்துக்கு இன்றைக்கே 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் எடுத்து 24 மாதத்தில் கட்டினால், மாதம் கிட்டத்தட்ட 5,760 ரூபாய். மொத்தத்தில் 18,000 ரூபாய்க்கு மேல் வட்டி. போய்விட்டு வந்த போட்டோக்கள் இன்ஸ்டாவில் பழசாகி ஒன்றரை வருஷம் ஆன பிறகும் இஎம்ஐ புதுசாக வந்துகொண்டிருக்கும். அப்பாவோடு போக வேண்டிய பயணம், அவருக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற நிஜமான அவசரம் இருந்தால் கணக்கு வேறு. ஆஃபர் முடியப்போகிறது என்பது அவசரத்தில் சேராது.

ஊருக்கெல்லாம் சொல்லலாமா?

‘நாலு பேரிடம் சொன்னால்தான் நாமே செய்வோம்’ என்பது பொதுவான அறிவுரை. முழுக்கச் சரி இல்லை. கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009-ல் சட்ட மாணவர்கள் உள்ளிட்டோரிடம் செய்த சோதனைகளில், ‘நான் இப்படிப்பட்டவன் ஆகப்போகிறேன்’ என்ற லட்சியத்தை அடுத்தவர் கவனித்துவிட்டால் அதற்கான உழைப்பு குறைந்தது. சொன்னதிலேயே பாதி அடைந்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறதாம். ஸ்டோரியில் ‘மாரத்தான் லோடிங்’ என்று ஷூ போட்டோ போட்டு 140 ஹார்ட் வாங்கியவர், அடுத்த நாள் காலை 5 மணிக்கு எழுந்தாரா என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒரே ஒருவரிடம் சொல்வது வேறு. கூட ஓடப்போகிற நண்பரிடம், அல்லது லீவு தர வேண்டிய டீம் லீடிடம். அவர்கள் ஹார்ட் போட மாட்டார்கள், ‘என்னாச்சு?’ என்று கேட்பார்கள்.

போகிக்கு ஒரு வேலை

பட்டியலைப் பராமரிப்பது என்றால் சேர்ப்பது மட்டுமில்லை, நீக்குவதும்தான். வருஷத்துக்கு ஒருநாள் போதும். பிறந்தநாள் வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் பழையன கழிக்கவே ஒரு பண்டிகை இருக்கும்போது போகி இன்னும் பொருத்தம். டயர் எரிக்காமல் கொண்டாட ஒரு வழியும் ஆச்சு. ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி: இதைச் செய்ததை யாரிடமும் சொல்லக்கூடாது, போட்டோவும் போடக்கூடாது என்றால், அப்போதும் செய்வேனா? ‘இல்லை’ என்றால் அழித்துவிடலாம். காலேஜ் நாளில் எழுதிய ‘ஸ்கைடைவிங்’கை 31 வயதில் அழிப்பது தோல்வியில் சேராது. அந்த ஆசை வைத்திருந்த ஆளும் இப்போது இல்லை.

ஒன்று மட்டும் கவனம். ‘ஆசை போய்விட்டது’ என்பதையும் ‘பயம் வந்துவிட்டது’ என்பதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் ஆகியோர் 1990-களில் செய்த ஆய்வுகளின்படி, செய்து சொதப்பியதுதான் உடனடியாக அதிகம் வலிக்கும். காலம் போகப் போக அந்த வலி ஆறிவிடுகிறது. செய்யாமல் விட்டவைதான் மேலே எழுந்து வருகின்றன. 

இன்னொரு பட்டியலும் இருக்கிறது, வீட்டில்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் முதியோர் மருத்துவம், வலி தணிப்புச் சிகிச்சைத் துறைப் பேராசிரியர் வி.ஜே. பெரியகோயில். அவரது குழு 3,056 பேரிடம் பக்கெட் லிஸ்ட் பற்றிக் கேட்டு 2018-ல் முடிவுகளை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் பட்டியல் வைத்திருந்தார்கள். 78.5 சதவீதத்தினர் பயணம் என்றார்கள். கிட்டத்தட்ட அதே அளவு பேர் தனிப்பட்ட ஒரு லட்சியம் என்றார்கள். குடும்பத்தோடும் நண்பர்களோடும் நேரம் செலவிடுவது என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே.

இந்த ஆய்வை அவர் செய்தது டூரிஸத்துக்காக இல்லை. தீவிர நோய் உள்ளவரிடம் ‘உங்கள் பட்டியலில் என்ன இருக்கிறது?’ என்று டாக்டர் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். பேத்தி கல்யாணத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அந்த வாரத்தில் ஆளைப் படுக்கப்போடும் சிகிச்சையைத் தொடங்கலாமா, தள்ளிவைக்கலாமா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்க முடியும். கேட்காவிட்டால் அந்த ஆசை ரிப்போர்ட்டில் எங்கேயும் இருக்காது.

ஆஸ்பத்திரி வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதைப் படிக்கும் பலருக்கு அப்பா 60-ஐ ஒட்டி இருப்பார். இத்தனை வருஷம் அவருக்கு லீவு என்றால் அது குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் கல்யாணம், பிள்ளைகளின் அட்மிஷன். அம்மாவுக்கு அந்த லீவும் கிடையாது. எங்கே போனாலும் சமையல் அவர் கூடவே வரும். அவர்களும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நோட்ஸ் செயலியில் அதைத் தேடிப் பிரயோஜனமில்லை. டி.வி.யில் ஏதோ ஊரைக் காட்டும்போது ‘நல்லாருக்குல்ல’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவதுதான் அவர்கள் எழுதும் முறை.

கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ‘உங்க பக்கெட் லிஸ்ட் என்னம்மா?’ என்று போனை நீட்டிக்கொண்டு கேட்டால், ‘எனக்கென்னப்பா ஆசை, நீங்க நல்லா இருந்தா போதும்’ என்ற பதில்தான் வரும். அது ரெடிமேட் பதில். நம்பிவிட வேண்டாம். கல்யாணத்துக்கு முன் எங்கே போக ஆசைப்பட்டார்கள், எதைப் பாதியில் விட்டார்கள், கூடப் படித்தவர்களில் யாரை மறுபடி பார்க்கப் பிடிக்கும் என்று, வெங்காயம் உரித்துக்கொடுத்தபடி, ஒரே நாளில் இல்லாமல் நாலைந்து நாளில் கேட்டுப் பார்க்கலாம். வெளிவருவது பல நேரம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். ஜன்னல் சீட்டில் ஒருமுறை விமானம். ஸ்கூட்டி ஓட்டக் கற்பது. பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி இப்போது மதுரையிலோ மும்பையிலோ இருக்கிறாராம். போன் நம்பர் இல்லை.

அந்த நம்பரைக் கண்டுபிடிக்க ஆர்.டி. போட வேண்டாம். ஸ்கூல் பேட்ச் வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கும் ஏதாவது ஒரு பெரியம்மாவிடம் கேட்டால், பெரும்பாலும் அன்று சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும்.